‘ப்ளூ மண்டே’ பற்றித் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஆர்டர் இசைக்குழுவின் ‘ப்ளூ மண்டே’ 1983 மார்ச் 7 அன்று வெளிவந்த சிங்கிள். சிங்கிள் என்றால் ஒரே ஒரு பாட்டை முன்னிறுத்தி வெளியிடும் இசைத்தட்டு. “புதுசா கேட்க ஏதாவது சொல்லுங்க” என்று யார் வந்தாலும் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். பாட்டு முடிந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன். முடிந்தால் பாட்டை ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.

நியூ ஆர்டர்னா யாரு? எந்த ஊர்க்காரங்க?

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் மான்செஸ்டர் வட்டாரத்துக்காரர்கள். இந்தப் பாட்டைச் செய்தபோது நான்கு பேர்: பாட்டும் கிட்டாரும் பெர்னார்ட் சம்னர், பேஸ் கிட்டார் பீட்டர் ஹுக், டிரம்ஸ் ஸ்டீஃபன் மோரிஸ், கீபோர்டும் கிட்டாரும் ஜில்லியன் கில்பர்ட்.

இவர்களில் முதல் மூவரும் அதற்கு முன் ஜாய் டிவிஷன் என்ற குழுவில் இருந்தார்கள். அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப இருந்த நேரத்தில், தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 23. நால்வரில் ஒருவர் போனாலும் அந்தப் பெயரைத் தொடர்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பேச்சைக் காப்பாற்றினார்கள். பெயரை மாற்றினார்கள், அந்த வருடக் கடைசியில் ஜில்லியன் வந்து சேர்ந்தார், சம்னர் தயங்கித் தயங்கிப் பாட ஆரம்பித்தார். ‘ப்ளூ மண்டே’ வந்தபோது இயன் இறந்து மூன்று வருடம்கூட முடியவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் சுலபமாகப் புரியும்.

இது ராக்கா, டான்ஸ் மியூசிக்கா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

இரண்டும்தான். அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் பலருக்கும் ஒப்பவில்லை. கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் டிஸ்கோவை மதிக்கவில்லை. டிஸ்கோ ஆடுபவர்கள் இருண்ட முகத்தோடு நிற்கும் மான்செஸ்டர் குழுக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்கள் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனபோது நியூயார்க் கிளப்புகளில் ராத்திரி முழுக்க ஓடிய நடன இசையைக் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பியும் அது மண்டையை விட்டுப் போகவில்லை.

ஒரே நாளில் வந்த மாற்றமும் இல்லை. 1981-இல் வந்த ‘எவ்ரிதிங்ஸ் கான் க்ரீன்’, 1982-இல் வந்த ‘டெம்ப்டேஷன்’ இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். ஒரு ராக் குழு படிப்படியாக நடன மேடைக்கு ஏறி வருவது காதிலேயே தெரியும். ‘ப்ளூ மண்டே’ அதற்கு அடுத்த படி.

இவ்வளவு வித்த பாட்டை எப்படி இண்டின்னு சொல்றீங்க?

‘இண்டி’ என்பது இன்றைக்கு ஒரு பாணியின் பெயராகிவிட்டது. அன்றைக்கு அது யார் தட்டை வெளியிட்டார்கள், எந்த வழியாகக் கடைக்கு அனுப்பினார்கள் என்பதைக் குறித்த சொல். பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாக நடப்பது இண்டி. நியூ ஆர்டரின் வெளியீட்டாளரான ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. தொலைக்காட்சியில் வேலை பார்த்த டோனி வில்சனும் அவர் நண்பர்களும் மான்செஸ்டரிலேயே நடத்தினார்கள். லாபத்தில் பாதி கம்பெனிக்கு, பாதி கலைஞர்களுக்கு. பாட்டின் உரிமை கலைஞர்களிடமே இருக்கும்.

ஃபேக்டரி தான் செய்த எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். தட்டுக்கு மட்டுமல்ல, சுவரொட்டிக்கும் கட்டடத்துக்கும்கூட. இந்தப் பாட்டின் எண் ‘ஃபேக் 73’. இந்த எண் பின்னால் வேறொரு கேள்வியில் திரும்பவும் வரும்.

ஏழரை நிமிஷமா? பாட்டு எப்போதான் ஆரம்பிக்கும்?

முதல் அடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. குரல் வருவதற்குத்தான் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வெறும் டிரம் அடி, தனித்தனியாக விழுந்து திடீரென்று படபடவென ஓடும். அதன் மேல் ஒரு மெட்டு, அப்புறம் கீழே உருளும் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி) பேஸ், அப்புறம் ஹுக்கின் பேஸ் கிட்டார். கட்டடத் தொழிலாளிகள் ஒரு தளத்தின் மேல் இன்னொரு தளம் எழுப்புவது போல ஒவ்வொன்றாக ஏறும்.

மொத்த நீளம் 7 நிமிடம் 29 விநாடி. ஒரு சாதாரண 7 அங்குலத் தட்டில் இது நன்றாக உட்காராது. அதனால் 12 அங்குலத் தட்டாக மட்டுமே வெளியிட்டார்கள். பெரிய தட்டில் கோடுகள் அகலமாக இருக்கும், அதனால் பேஸ் ஒலி கனமாகப் பதியும். கிளப்பில் தரை அதிர இது வேண்டும். வானொலிக்காகச் சுருக்கிக் கொடுக்க அன்று அவர்கள் மெனக்கெடவில்லை.

பாட்டுல எங்கயுமே ‘ப்ளூ மண்டே’ன்னு வரலையே?

வராது. மோரிஸ் அப்போது படித்துக்கொண்டிருந்த கர்ட் வான்னகட் நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. ‘பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்’ என்ற அந்த நாவலுக்கு ‘குட்பை ப்ளூ மண்டே’ என்று இன்னொரு தலைப்பும் உண்டு. கதைக்குள் அது துணி துவைக்கும் இயந்திரத்துக்கான விளம்பர வாசகம். அங்கெல்லாம் திங்கட்கிழமைதான் வீட்டுப் பெண்கள் மொத்தத் துணியையும் துவைக்கும் நாள். இயந்திரம் வந்துவிட்டது, இனி அந்தச் சலிப்பான திங்கட்கிழமைக்கு விடை கொடுங்கள் என்று அர்த்தம்.

இயந்திரங்களை வைத்துச் செய்த பாட்டுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஃபேட்ஸ் டாமினோ 1950-களில் பாடிய ‘ப்ளூ மண்டே’ வேறு பாட்டு. தேடும்போது குழம்பிவிட வேண்டாம்.

வரிகள் இயன் கர்ட்டிஸைப் பத்தினதா?

அப்படி எழுதியிருப்பதாகக் குழுவினர் அறிவிக்கவில்லை. வரிகளில் இருப்பது, தன்னை மோசமாக நடத்திய ஒருவரைப் பார்த்து “இப்படிச் செய்ய உனக்கு எப்படி இருக்கிறது” என்ற மாதிரி கேட்கும் குரல். நடுவில் கடற்கரையும் துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலும் வருகின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாத தவிப்பு வருகிறது. காதல் முறிவு என்று எடுத்தாலும் சரி, சண்டை என்று எடுத்தாலும் சரி, அதற்கு இடம் இருக்கிறது.

என் காதுக்கு முக்கியமாகப் படுவது வரியைவிட அதைச் சொல்லும் விதம். சம்னர் குரலை உயர்த்துவதே இல்லை. அழ வேண்டிய இடத்தில் உணர்ச்சியே இல்லாத மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். துக்க வீட்டில் சிலர் அழாமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்களே, அந்தக் குரல். ஆடத் தோன்றும் பாட்டில் இப்படி ஒரு குரல் இருப்பதால்தான் எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

அண்ணா, இன்னைக்கு லேப்டாப்ல இதை பத்து நிமிஷத்துல பண்ணிடலாமே?

இன்றைக்கு முடியும் தம்பி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1982-இல் அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார்.

தாளத்துக்கு ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின். பேஸ் ஓட்டத்துக்கு மூக் சோர்ஸ் சிந்தசைசர். அதை ஓட்டிய சீக்வென்சர், அதாவது எந்த ஸ்வரம் எப்போது வர வேண்டும் என்று நினைவில் வைத்துச் சொல்லும் பெட்டி, பவர்டிரான் என்ற கம்பெனி உதிரிபாகங்களாக விற்றது. சம்னர் அதை வாங்கி, சாலிடரிங் பிடித்து, தானே பூட்டினார். கோவிலில் கேட்பது போன்ற அந்தக் கூட்டுக் குரல் எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் இருந்து வந்தது. அது ஒலியைப் பதிந்து வைத்துத் திரும்ப வாசிக்கும் கருவி. அன்றைக்கு மிகப் புதியது, பயங்கர விலை.

பெரிய சிக்கல் இனிமேல்தான். இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசாது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒரே வயரில் இணைக்கும் ‘மிடி’ முறை 1983-இல்தான் வெளியே வந்தது, பாட்டோ அதற்கு முன்பே பதிவானது. டிரம் மெஷினையும் சீக்வென்சரையும் ஒரே வேகத்தில் ஓடவைக்க, அறிவியலாளரான ஒரு நண்பர் தனியாக ஒரு சர்க்யூட் செய்து கொடுத்தார். அதையும் வைத்துக்கொண்டு பட்டனைத் தட்டியதும் எல்லாம் சேர்ந்து ஓடியபோது அந்த அறையில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பத்து நிமிடத்தில் செய்பவருக்கு அந்த நிமிடம் கிடைக்காது.

பதிவு நடந்தது லண்டனில், பிங்க் ஃப்ளாய்ட் குழு கட்டிய பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில். ஒலிப்பொறியாளர் மைக்கேல் ஜான்சன். தயாரிப்பாளர் என்று தனியாக யாரும் இல்லை, குழுவே செய்தது.

ஒரு நோட்டு விட்டுப் போச்சாமே, கதையா நிஜமா?

நிஜம், ஜில்லியனே சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன சீக்வென்சரில் பாட்டு முழுவதையும் பட்டன் பட்டனாக அழுத்தி ஏற்ற வேண்டும். அந்த வேலை அவருடையது. எந்த இடத்தில் என்ன ஸ்வரம் என்று ஏ4 தாள்களில் வரிசையாக எழுதி, தாள்களை டேப் போட்டு ஒட்டி நீளமாக்கிக்கொண்டார். ஸ்வெட்டர் பின்னுவதற்கு வரைபடம் வைத்துக்கொள்வார்களே, அது போல. அதில் ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. அதனால் மெட்டு தாளத்திலிருந்து கொஞ்சம் நழுவி ஓடுகிறது.

ஹெட்ஃபோன் போட்டு ஆரம்பத்தில் வரும் சிந்தசைசர் மெட்டை டிரம்மோடு சேர்த்துக் கேளுங்கள். அடி விழும் இடத்தில் நேராக உட்காராமல் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். திருத்தாமல் அப்படியே விட்டார்கள். எனக்கு அந்தப் பாட்டில் மிகப் பிடித்த இடம் அதுதான். மற்ற எல்லாம் இயந்திரக் கணக்கு, அது மட்டும் ஜில்லியனின் கை.

தாளத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நன்றாக அமைந்த ஒரு டிரம் வடிவம், மோரிஸ் தெரியாமல் மின்கம்பியை உதைத்துவிட்டதில் அழிந்து போய், திரும்பவும் உட்கார்ந்து ஏற்ற வேண்டி வந்தது என்று ஹுக் சொல்வார். முதலில் செய்ததுதான் இன்னும் நன்றாக இருந்தது என்பது அவர் ஆதங்கம்.

எல்லாம் மெஷினே வாசிச்சா, பேண்டு ஆளுங்க என்ன பண்ணாங்க?

முந்தைய இரண்டு பதில்களையும் படித்தால் அவர்கள் செய்த வேலை தெரியும். வாசித்ததைக் கேட்டால், ஹுக்கின் பேஸ் கிட்டாரைச் சொல்வேன். பேஸ் என்றால் கீழே நின்று தாங்கும் ஒலி என்பதுதான் வழக்கம். ஜாய் டிவிஷன் நாளிலிருந்தே ஹுக் மேல் தந்திகளில் மெட்டு வாசிப்பவர். இந்தப் பாட்டில் கீழ் வேலையை மூக் பார்த்துக்கொள்கிறது, இவர் மேலே ஏறித் தனியாகப் பாடுகிறார். இத்தாலிய இசையமைப்பாளர் என்யோ மொரிகோனே கௌபாய் படங்களுக்குப் போட்ட இசையைக் கேட்டு அந்த மெட்டைப் பிடித்ததாக ஹுக் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாலைவனமும் குதிரையும் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஒன்ஸ்மோர் கேட்கிறவங்கள சமாளிக்கத்தான் இந்தப் பாட்டை பண்ணாங்கன்னு சொல்றாங்களே?

அதில் உண்மை இருக்கிறது. நியூ ஆர்டர் கச்சேரி முடிந்ததும் போய்விடுவார்கள், கைதட்டிக் கூப்பிட்டாலும் திரும்ப மேடைக்கு வர மாட்டார்கள். ஜனங்களுக்குக் கோபம் வரும். சரி, ஒரு பட்டனைத் தட்டிவிட்டால் மெஷின்களே ஒரு பாட்டை வாசிக்கட்டும், நாம் போய்விடலாம் என்று ஒரு யோசனை. ‘ப்ளூ மண்டே’ கிளம்பிய இடங்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு வேர் ‘வீடியோ 5-8-6’ என்ற இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் துண்டு. 1982 மே மாதம் மான்செஸ்டரில் ஹாசியெண்டா கிளப் திறப்புக்காகச் செய்தது. இந்தப் பாட்டின் தாளமும் ஓட்டமும் அதில் முளைவிடுவதைக் கேட்கலாம். கேலிக்குப் பண்ணிய பாட்டு என்று சிலர் இந்த ஒன்ஸ்மோர் கதையை வைத்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கேலிக்கு யாரும் ஏ4 தாளை ஒட்டி உட்கார மாட்டார்கள்.

உண்மைய சொல்லுங்க, இது நாலு பாட்டிலேர்ந்து சுட்டதுதானே?

மறைக்க ஒன்றும் இல்லை, அவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள். டிரம் அடிக்கு டிஸ்கோ பாடகி டோனா சம்மரின் ‘அவர் லவ்’. பேஸ் ஓட்டத்துக்கு சில்வெஸ்டர் 1978-இல் பாடிய ‘யூ மேக் மீ ஃபீல்’. அமைப்புக்கு இத்தாலிய டிஸ்கோ குழுவான க்ளைன் அண்ட் எம்பிஓவின் ‘டர்ட்டி டாக்’. கூட்டுக் குரலுக்கு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1975-இல் செய்த ‘யுரேனியம்’. அதோடு மொரிகோனே, மேலே சொல்லிவிட்டேன். மான்செஸ்டரிலேயே 1979-இல் வந்த ‘ஜெர்ரி அண்ட் த ஹோலோகிராம்ஸ்’ என்ற பாட்டோடும் சாயல் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்டால் சாயல் தெரிகிறது.

இப்போது அந்தப் பாட்டுகளை எல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு ‘ப்ளூ மண்டே’யைப் போடுங்கள். சில்வெஸ்டர் பாட்டில் பொங்குவது கொண்டாட்டம். டோனா சம்மரில் காதல். அதே அடி, அதே ஓட்டம் இங்கே வந்து குளிரான ஓர் அறைக்குள் நிற்கிறது. எடுத்தது எல்லாம் வெளியே இருந்து வந்தது, அந்தக் குளிர் மட்டும் இவர்களுடையது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களும் ஓரினக் காதலர்களும் வளர்த்த இசை இது என்பதைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் புகழ்வது நியாயமில்லை. அதனால்தான், அந்த இரு வட்டத்தையும் சேர்ந்த சில்வெஸ்டர் பெயரை நான் எப்போதும் சேர்த்தே சொல்கிறேன்.

கவர்ல பாட்டு பேரும் இல்ல, பேண்டு பேரும் இல்ல. எப்படி வாங்கினாங்க?

கடைக்காரரிடம் கேட்டு வாங்கினார்கள். உறையை வடிவமைத்தவர் ஃபேக்டரியின் பீட்டர் சாவில், கூட வேலை செய்தவர் பிரெட் விக்கன்ஸ். குழுவைப் பார்க்கப் போன இடத்தில் சாவில் கண்ணில் ஒரு ஃப்ளாப்பி டிஸ்க் பட்டது. அந்த நாளில் 5.25 அங்குலச் சதுரம், கறுப்பு, நடுவில் ஓட்டை. எமுலேட்டர் ஒலிகளைச் சேமிக்கும் தட்டு அது. சாவில் அதையே பெரிதாக்கி உறையாக்கிவிட்டார். நிஜ ஃப்ளாப்பியில் இருப்பது போலவே அட்டையில் ஓட்டைகளை வெட்டி, உள்ளே வெள்ளி நிற உறை தெரியும்படி செய்தார். கம்ப்யூட்டரையே நேரில் பார்க்காதவர்கள் நிறைந்த காலத்தில் பலர் அது என்ன பொருள் என்றே தெரியாமல் கையில் வைத்திருந்தார்கள்.

பெயர் இல்லை என்பது முழு உண்மை இல்லை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக வண்ணக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்ணமும் ஓர் எழுத்து. படித்தால் ‘ஃபேக் 73’, ‘ப்ளூ மண்டே’, பின்பக்கப் பாட்டான ‘த பீச்’, ‘நியூ ஆர்டர்’ எல்லாம் வரும். படிப்பதற்கான சாவி எங்கே? மே மாதம் வந்த ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ ஆல்பத்தின் பின் அட்டையில், ஒரு வண்ணச் சக்கரமாக. மார்ச்சில் சிங்கிள் வாங்கியவர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு காப்பிக்கும் நஷ்டம்னு சொல்றாங்க. நிறைய வித்தா நிறைய நஷ்டமா?

இந்தக் கதை பாட்டைவிடப் பிரபலம். மேலே சொன்ன ஓட்டை வெட்டும் வேலைக்கு அச்சகத்தில் அதிகச் செலவு. விற்ற விலையில் அது அடங்கவில்லை. ஒரு தட்டுக்கு 5 பென்ஸ் நஷ்டம் என்றார் டோனி வில்சன். 10 பென்ஸ் என்பது ஹுக் சொல்லும் கணக்கு. இவ்வளவு விற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் காரணம். சில ஆயிரம் விற்கும் தட்டுக்கு அழகான உறை போட்டால் சின்ன நஷ்டத்தோடு போயிருக்கும்.

ஆனால் விற்ற அத்தனை தட்டிலும் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. தேவை கூடியதும் ஓட்டை இல்லாத சாதாரண உறைக்கு மாறினார்கள். அதனால் பழைய தட்டு வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள்: ஓட்டை வெட்டிய உறையும் வெள்ளி உள்ளுறையும் இருந்தால் ஆரம்பகாலப் பதிப்பு, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அப்போ நம்பர் ஒன் ஆச்சா?

ஆகவில்லை. 1983 வசந்தத்தில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12-வது இடம் வரை போய் இறங்கியது. பிறகு கோடை விடுமுறைக்கு வெளிநாட்டுக் கடற்கரைகளுக்குப் போனவர்கள் அங்கே கிளப்பில் கேட்டுவிட்டு வந்து தேடி வாங்கினார்கள் என்று சொல்வார்கள். எப்படியோ, அக்டோபரில் திரும்ப ஏறி 9-வது இடம். 1988-இல் வந்த ரீமிக்ஸ், அதாவது அதே பாட்டை மாற்றி அமைத்த பதிப்பு, 3-வது இடம் வரை போனது.

12 அங்குலத் தட்டாக மட்டும் 7 லட்சத்துக்கு மேல் விற்றது. பிரிட்டனில் அந்த வடிவத்தில் இதைவிட அதிகம் விற்ற சிங்கிள் இல்லை. பின்னால் வந்த பதிப்புகளையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு விற்றும் அன்று அதிகாரபூர்வத் தங்கத்தட்டு கிடைக்கவில்லை. அதைக் கொடுக்கும் பிரிட்டிஷ் இசைத்தொழில் சங்கத்தில் ஃபேக்டரி உறுப்பினரே இல்லை.

டிவியில சொதப்பினாங்கன்னு வீடியோ பார்த்தேன். ஏன் அவ்வளவு மோசம்?

1983 மார்ச் 31 அன்று பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் வந்தது அது. அங்கே எல்லோரும் பதிவான பாட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் நேரடியாகத்தான் வாசிப்போம் என்று நின்றார்கள். தனித்தனிப் பெட்டிகளை ஒட்டவைத்து ஓட்டும் கஷ்டத்தை மேலே படித்தீர்கள் இல்லையா, அதை அந்நிய ஸ்டூடியோவில், சில நிமிடத்தில், லட்சக்கணக்கானோர் பார்க்கச் செய்தார்கள். ஒலி மெலிந்து, குரல் தடுமாறியது.

ஆனால் அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். நான்கு பேரும் நெர்வஸாக இருக்கிறார்கள், ஆனால் யாரும் நடிக்கவில்லை. வாயசைத்திருந்தால் இன்று நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆல்பத்துல இந்தப் பாட்டு இருக்கா இல்லையா? ஒருத்தர் இருக்குங்கறார், ஒருத்தர் இல்லங்கறார்.

இருவரும் சரி. பிரிட்டனில் வந்த மூல ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ தட்டில் இல்லை. சிங்கிளை வாங்கியவர் ஆல்பத்திலும் அதே பாட்டுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அமெரிக்காவில் வந்த சில பதிப்புகளில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பதிப்பைக் கேட்டு வளர்ந்தவர் ‘இருக்கு’ என்பார்.

எந்த வெர்ஷனைக் கேட்கணும்?

1983-இன் 7:29 பதிப்பு. முதல் தடவை வேறு எதையும் கேட்காதீர்கள். 1987-இல் வந்த ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பில் அது முழுசாக இருக்கிறது.

1988 பதிப்பு, அமெரிக்காவில் இவர்களின் தட்டுகளை வெளியிட்ட குவின்ஸி ஜோன்ஸ் முன்னின்று, ஜான் பொட்டோக்கரோடு சேர்ந்து மெருகேற்றியது. துள்ளலாக, பளபளப்பாக இருக்கும். நான் மேலே சொன்ன குளிர் அதில் போய்விட்டது, அதனால் எனக்கு அது இரண்டாம் பட்சம். 1995-இல் ஜெர்மனியின் ஹார்ட்ஃப்ளோர் செய்த ரீமிக்ஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசை பிடித்தவர்களுக்கு. மூலத் தட்டின் பின்பக்கமான ‘த பீச்’, இதே பாட்டைக் கலைத்துப் போட்டு எதிரொலியில் மிதக்கவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க நல்லது.

வேற யாரெல்லாம் பண்ணியிருக்காங்க?

அமெரிக்க ராக் குழுவான ஆர்ஜி 1998-இல் கனத்த கிட்டாரோடு செய்தது பெரிதாக ஓடியது. பலருக்கு அதுதான் முதல் அறிமுகம். எனக்குப் பிடித்தது 2016 மார்ச்சில் பிபிசி வெளியிட்டது: ஆர்கெஸ்ட்ரா ஆப்சொலீட் என்ற குழு 1930-களில் கிடைத்த கருவிகளை மட்டும் வைத்து இதே பாட்டை வாசித்தது. சிந்தசைசர், டிரம் மெஷின் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மெட்டு நிற்கிறது. ‘மெஷின் இல்லாட்டி இந்தப் பாட்டுல ஒண்ணுமில்ல’ என்று வாதிடுபவர்களுக்கு நான் அதைத்தான் அனுப்புவேன்.

சம்பாதிச்ச காசெல்லாம் எங்க போச்சு?

பெரும்பங்கு ஹாசியெண்டாவுக்குப் போனது. ஒன்ஸ்மோர் கேள்வியில் சொன்ன அதே கிளப், ஃபேக்டரி எண் 51. ஃபேக்டரியும் நியூ ஆர்டரும் சேர்ந்து முதல் போட்டார்கள். படகு விற்கும் கூடமாக இருந்த கட்டடம். ஆரம்ப வருடங்களில் காலியாகக் கிடந்தது. 1980-களின் கடைசியில் ஹவுஸ் என்ற புது நடன இசை வந்து கிளப் நிரம்பி வழிந்தது, அப்போதும் பணம் நிற்கவில்லை. 1992-இல் ஃபேக்டரி திவாலானது. 1997-இல் கிளப் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இப்போ பேண்டு இருக்கா?

இருக்கிறது, ஹுக் இல்லாமல். 2007-இல் அவர் பிரிந்தார். பெயரையும் பங்கையும் பற்றிய வழக்கு 2017-இல் சமரசத்தில் முடிந்தது. சம்னர், மோரிஸ், ஜில்லியன் மூவரும் நியூ ஆர்டராகத் தொடர்கிறார்கள். ஹுக் தன் ‘த லைட்’ குழுவோடு தனியே வாசிக்கிறார். இரண்டு மேடையிலும் ‘ப்ளூ மண்டே’ உண்டு. அந்த நான்கு பேரும் சேர்ந்து வாசிப்பதை இனிப் பார்க்க முடியாது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

கேட்டேன், எனக்குப் பிடிக்கலையே?

எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் பாதிப் பாட்டு உங்களுக்கு வந்தே சேரவில்லை. கீழே உருளும் அந்த மூக் ஒலி சின்ன ஸ்பீக்கரில் கேட்காது. நல்ல ஹெட்ஃபோனோ காரோ இருந்தால் ராத்திரி ஒரு தடவை சத்தமாகப் போடுங்கள்.

முதல் சுற்றில் டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த நாள் ஹுக்கின் பேஸ் கிட்டாரை மட்டும். மூன்றாவது தடவை, குரல் வருவதற்கு முன் ஜில்லியனின் மெட்டு தாளத்தோடு எங்கே இடிக்கிறது என்று தேடுங்கள். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் ‘டெம்ப்டேஷன்’ கேட்டுப் பாருங்கள். அதில் கிட்டார் அதிகம், சம்னர் குரலும் கொஞ்சம் திறந்துகொள்ளும்.